கை நிற்கும்போது முடிக்கக் கூடாது

போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க நம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். வந்த வேலை முடிந்ததும் பழைய பழக்கத்தில் கால் மாடி வார்டுக்கு ஏறிவிட்டது. அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ் பெண், நோயாளியின் மனைவியிடம், "பணம் கட்ட முடியலைன்னா நாங்க என்னம்மா செய்ய முடியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்ட பெண் இல்லை. சொல்லிவிட்டு மருந்து அறைக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். "பெருசு ஆரம்பிச்சிருச்சு" என்று உங்களுக்குள் சிரித்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

நான் காரைக்குடியில் வார்டு சிஸ்டராக இருந்த அறுபதுகளில் நம்முடையது சின்ன ஆஸ்பத்திரி. தர்ம ஆஸ்பத்திரி என்று பெயர். ஆனாலும் பெரிய ஆபரேஷன் என்றால் மருந்துக்கும் மயக்கம் கொடுப்பதற்கும் ரத்தத்துக்கும் நோயாளி பணம் கட்டத்தான் வேண்டும். ஆபரேஷன் செய்ய மதுரையிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் மாதத்தில் இரண்டு தடவை காரில் வருவார். காலையில் வந்து கத்தியைப் பிடித்தால் சாயங்காலம் திரும்பிவிடுவார்.

அவரிடம் காட்டுவதற்காகக் கோட்டையூரிலிருந்து ஒரு ஆள் வந்தார். பெயர் சோலைமலை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி உடம்பு, கழுத்தில் மட்டும் ஒரு தேங்காய் அளவுக்குக் கழலை. அதைத் துண்டால் சுற்றி மறைத்திருந்தார். அவர் மூச்சு விட்டால் அறைக்கு வெளியே கேட்கும், விசில் அடிப்பதைப்போல. படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேதான் தூங்குகிறார் என்று அவர் மனைவி பாண்டியம்மா சொன்னார்.

இந்த மனிதருக்குத் தொழில் என்ன தெரியுமா? ஏலம் கூவுவது. சுற்று வட்டாரத்தில் கண்மாய் மீன் ஏலமா, புளியமரக் குத்தகையா, கோயில் திருவிழா முடிந்து சாமிக்குப் படைத்த பொருளை விடுகிற ஏலமா, எல்லாவற்றுக்கும் சோலைமலைதான். கழுத்தில் அவ்வளவு பெரிய கழலையை வைத்துக்கொண்டு தொண்டையால் பிழைத்த ஆள்!

பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கழலை மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கி மூச்சுக்குழலை நெருக்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் எடுக்காவிட்டால் ஒருநாள் மூச்சு நின்றுவிடும் என்றார். எடுப்பதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. குரலுக்குப் போகிற நரம்பு கழலையை ஒட்டியே ஓடுகிறது, அதில் கை பட்டால் பேச்சு போய்விடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காசில்லாமல் செய்வார்கள். ஆனால் அங்கே முறை வருவதற்குள் எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. நம்மிடத்தில் செய்தால் எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய் ஆகும். என் ஐந்தாறு மாதச் சம்பளம் அது. பாண்டியம்மா பெரிய வீடுகளில் கல்யாணம் வந்தால் பாத்திரம் தேய்க்கப் போகிறவர். அறுநூறு என்றதும் அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது முப்பது வயது. எதையும் உடனே முடித்துவிட வேண்டும் என்கிற புத்தி. அன்றைக்கே பஸ் பிடித்துக் கண்டனூருக்குப் போய்த் தேனம்மை ஆச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த ஆச்சியின் மகள் பிரசவத்தில் நான் கூடவே இருந்தவள் என்பதால் உரிமையாகப் போவேன். பெரிய வீடு, பெரிய மனசு, அதைவிடப் பெரிய வாய். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய் அறுநூறையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து, "சோலமல கூவாம நம்ம ஊர்ல திருவிழாவா? கொண்டுபோயிக் கட்டு" என்று கொடுத்துவிட்டார். நான் ராணி மாதிரி பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

சோலைமலை பையைத் தொடவில்லை. யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்கிவிட்டார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! மூச்சு போகப்போகிற நேரத்தில் ரோசம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் கோபப்படவில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் பதில் சொன்னார்.

"ரோசமில்ல சிஸ்டர். ஆச்சி நாளைக்கு என் ஏலத்துல கை தூக்குவாக. நான் அவுக பக்கம் மூணுதரம் சொன்னா, காசு வாங்குனவன்தானேன்னு ஊரு சொல்லும். இந்தச் சுத்துவட்டத்துல காசு வச்சிருக்க அத்தன பேரும் என் ஏலத்துல கை தூக்குறவுகதான். நான் யாருகிட்ட வாங்குறது?"

அவர் சொன்னது நியாயம்தான். கோபம் மட்டும் போகவில்லை. அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, பாண்டியம்மாவைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டுக்காரர் என்னதான் வாங்குவார், எதைத்தான் வாங்க மாட்டார், ஒன்றுவிடாமல் சொல்லு என்று கேட்டேன். அந்த அம்மாள் யோசித்து யோசித்துச் சொன்னார். கூலி வாங்குவார். வெற்றிலை பாக்கு வாங்குவார். பந்தியில்கூட உட்கார மாட்டார், ஏலத்துக்கு முன்னால் சாப்பிட்டால் உபசாரம் ஆகிவிடுமாம். அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: கோயில் ஏலத்தில் கடைசியாகத் தட்டில் மிஞ்சுகிற எலுமிச்சம்பழம் கூவுகிறவர் பங்கு. அதையும் ஏலம்தான் விடுவார்கள். விழுகிற காசு அவருக்கு. அப்பன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். முன்னால் போகிற பழங்களைத்தான் வீட்டுக்கு ராசி என்று அடித்துப்பிடித்து எடுப்பார்கள். கடைசிப் பழத்துக்குள் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். எட்டணா, ஒரு ரூபாய், அதற்கு மேல் போனதில்லை.

மறுபடியும் கண்டனூர் பஸ். மஞ்சள் பை திரும்பி வந்ததைப் பார்த்ததும் ஆச்சி, என் காசு அவனுக்குக் கசக்குதாக்கும் என்று குதித்தார். குதித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொன்னேன்.  ஆச்சி சிரித்தார் பாருங்கள், வீட்டில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. அடுத்த வாரமே அவர்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. ஒரு சிக்கலை ஆச்சியே சொன்னார்: தான் ஒருத்தி மட்டும் கேட்டால் விலை ஏறாது, எதிர்த்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும். தம்பியை எதிரில் உட்கார வைக்கிறேன், அவன் ஏற்றட்டும், நான் ஏற்றுகிறேன் என்று ஏற்பாடு செய்துகொண்டார்.

ஏலத்தன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். மருந்துப் பையும் கையோடு கொண்டுபோனேன். அந்தத் தொண்டையோடு கூவப் போகிறவரைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. கோயில் மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சோலைமலை நடுவில் நின்றார். நான் அவர் ஏலம் விட்டுப் பார்த்தது அன்றுதான். கழலையையும் மீறி வந்தது அந்தக் குரல். சேலை, பழத்தட்டு, மாலை ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் மூணுதரம் சொல்வதற்கு முன்னால் மண்டபம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். ஒரு கிழவர் மூக்குப்பொடி போடக் கையைத் தூக்கினார், அதற்கும் நிறுத்தி, "கை நிக்கிது. கேக்குறீகளா, பொடி போடுறீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் முடித்தார். கை நிற்கும்போது முடிக்கக் கூடாது. அவருக்கு வேதம் அது ஒன்றுதான்.

கடைசி எலுமிச்சம்பழம் வந்தது. "எட்டணா" என்று அவரே ஆரம்பித்தார். ஆச்சி கையைத் தூக்கி ஐந்து ரூபாய் என்றார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தம்பி வாயைத் திறப்பதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து வேறொரு குரல் "பத்து" என்றது.

சாத்தப்பச் செட்டியார். ஆச்சியின் பங்காளி, பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற கிணறு யாருக்கு என்று வருஷக்கணக்கில் வழக்கு நடக்கிறது. ஆச்சி கை வைத்த பொருளை விட்டுக்கொடுத்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. எங்கள் ஏற்பாடு ஒன்றும் அவருக்குத் தெரியாது. கடைசிப் பழத்தை இந்தப் பொம்பளை இவ்வளவு கேட்கிறாள் என்றால் எந்த ஜோசியனோ என்னவோ சொல்லியிருக்கிறான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ஆச்சி பதினைந்து என்றால் அவர் இருபது. தம்பி பாவம், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

இருபதில் சோலைமலைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆச்சியைப் பார்த்தார். அப்புறம் தூணோரமாக வெள்ளைச் சேலையில் நின்ற என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று. சட்டென்று முடித்துவிடப் பார்த்தார். "இருவது ரூவா ஒருதரம், ரெண்டுதரம்..." என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போய் மூன்றாவதில் வாய் நின்றுவிட்டது. ஆச்சியின் கை மேலே நிற்கிறது! அவர் போட்ட சட்டமே அவரைக் கட்டிப்போட்டுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. முப்பது, நாற்பது என்று ஐந்தும் பத்துமாக ஏற ஏற, ஒவ்வொரு விலையையும் அவர் கூவ வேண்டியிருந்தது. கூவக் கூவ மூச்சு இழுத்தது. எண்பது ரூபாயில் விசில் சத்தம் மண்டபத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. உதட்டில் நீலம் தட்டிவிட்டது. நான் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன், கையைக் காட்டித் தடுத்துவிட்டார். நிறுத்தினால் ஆபரேஷன் இல்லை, நிறுத்தாவிட்டால் ஆபரேஷனுக்கு ஆளே இருக்க மாட்டார். இந்த மாதிரி ஒரு நிமிஷம் உங்கள் எல்லோருக்கும் வரும். எந்தப் புத்தகமும் அப்போது கைகொடுக்காது. நான் அவரைப் பார்க்கவில்லை, ஆச்சியைப் பார்த்தேன். என் தொண்டையில் கை வைத்துக் காட்டித் தலையை ஆட்டினேன்.

ஆச்சிக்கு அது போதும். "ஐநூறு" என்றார்.

மண்டபத்தில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தச் சத்தமும் சோலைமலையுடையது. ஒரே தாவலில் அவருக்கு எத்தனை கூவலை மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டார் அந்த அம்மாள்! செட்டியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஐநூற்றொன்று என்றார். ஆச்சி அறுநூறு என்றார். செட்டியார் அறுநூற்றொன்று என்றார். ஆச்சி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பெருமாளே என்று விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சோலைமலை வழக்கம்போல மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு கையும் நிற்கவில்லை. மூணுதரம் சொல்லிவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தார். செட்டியார் எலுமிச்சம்பழத்தை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போனதும் சோலைமலை என்னை முறைத்தார். "வெலயக் கொறைக்கத்தான் கூட்டு வப்பாக. ஏத்துறதுக்குக் கூட்டு வச்சது நீங்கதான்" என்றார். நான் ஒரு கையும் தூக்கவில்லையே என்றேன். அதிலும் செட்டியார் யாருடைய கூட்டிலும் இல்லை, நேர்மையாகத் தோற்றுப்போவதற்குப் பதிலாக நேர்மையாக ஜெயித்துவிட்டார், என்ன செய்வது என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "என் பங்குதான். வாங்கிக்கிறேன்" என்றார். பாண்டியம்மா கோயில் வாசலிலேயே விழுந்து கும்பிட்டார்.

மறுநாள் செட்டியார் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கையில் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் எலுமிச்சம்பழம். சங்கதி அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. என்னோடு சண்டை போடத்தான் வந்தார், சந்தேகமே இல்லை. வார்டில் நுழைந்தவர் சோலைமலை உட்கார்ந்தபடி தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குவதைப் பார்த்தார்.  பிறகு குரலை இறக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இத அவன் தலமாட்டுல வையிங்க. நல்லபடியா எந்திரிச்சான்னா, என் எலுமிச்சையாலதான்னு நான் சொல்லிக்கிருவேன். அந்த ஆச்சி சொல்லிக்கிறதுக்கு மொத நான் சொல்லணும்" என்றார். அதற்கு மேல் அவரை எனக்குப் பிடிக்காமல் போகுமா?

பெரிய டாக்டர் வந்த நாளில் ஆபரேஷன் காலையில் நடந்தது. கழலை முழுதாக வந்துவிட்டது. ரத்தம் அதிகம் போகவில்லை. மத்தியானம் சோலைமலை கண் விழித்தார். நான் தலைமாட்டைத் தாழ்த்திப் பார்த்தேன். படுத்துக்கொண்டே மூச்சு விட்டார், விசில் இல்லை. பாண்டியம்மா வாசலில் நின்று அந்தச் சத்தமில்லாத மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாக்கி இருந்தது குரல். பேசுங்கள் என்றார் டாக்டர். சோலைமலை பேசவில்லை. பெயரைச் சொல்லுங்கள் என்றார். உதடு அசையவில்லை. வலிக்கிறதா என்றால் இல்லை என்று தலையாட்டல். டாக்டர் என்னை வெளியே அழைத்தார். நரம்பு சரியாக இருக்கிறதென்று தெரிந்தால் கிளம்புவேன், மதுரையில் இன்னொரு கேஸ் காத்திருக்கிறது. நரம்பு போயிருந்தால் இங்கேயே தங்க வேண்டும், மூச்சு அடைத்தால் தொண்டையில் துளை போடும்படி ஆகலாம் என்றார். சாயங்காலத்துக்குள் எப்படியாவது அவரைப் பேசவைக்கச் சொன்னார்.

நான் கெஞ்சினேன், அதட்டினேன். பாண்டியம்மா அழுது பார்த்தார். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த பார்வையில்தான் எனக்கு விளங்கிற்று. அவரால் முடியாமல் இல்லை, பயம். பேசிப் பார்த்து வராவிட்டால்? பேசாமல் இருக்கிறவரைக்கும் குரல் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே. பெண்களா, பயந்த ஆளிடம் பயப்படாதே என்று சொல்லாதீர்கள். அவர் பயத்தை மறக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள்.

தலைமாட்டில் எலுமிச்சம்பழம் இருந்தது, கொஞ்சம் வாடியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வார்டு நடுவில் போய் நின்றேன்.

"அறுநூத்தி ஒரு ரூபா எலுமிச்சம்பழம். ஏலம்! எட்டணா!" என்றேன்.

வார்டில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அடுத்த கட்டிலில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆன புதுவயல் பாய் ஒருவர் இருந்தார். நல்ல தமாஷ் பேர்வழி. பன்னிரண்டணா என்று சேர்ந்துகொண்டார். கால் ஒடிந்த ஒருவர் ஒரு ரூபாய் என்றார். சோலைமலை தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் வேண்டுமென்றே அலங்கோலமாக ஏலம் விட்டேன். விலையை மாற்றிச் சொன்னேன், கேட்ட ஆளை மாற்றிச் சொன்னேன். அவர் புருவம் சுருங்கிக்கொண்டே வந்தது. பாய் கையை நேரே மேலே நீட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, "ஒரு ரூபா, ஒருதரம், ரெண்டுதரம், மூணு..." என்று ஆரம்பித்தேன்.

"கை நிக்கிது!"

கரகரப்புதான். ஆனால் குரல்! வார்டின் அந்தக் கோடிவரை போய்ச் சேர்ந்த குரல்.

"கை நிக்கிது சிஸ்டர். பாய் கைய நீட்டிக்கிட்டு இருக்காக, நீங்க பாட்டுக்கு முடிக்கிறீக. கை நிக்கும்போது முடிக்கக் கூடாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் பேசிவிட்டது அவருக்கே தெரிந்தது. தொண்டைக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குக் கண் மறைத்தது. அப்படியானால் நீங்களே முடியுங்கள் என்று பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். மெதுவாக, ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னால் போதும் என்று மட்டும் எச்சரித்தேன்.

அவர் பழத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பாய் ஒன்றேகால் ரூபாய். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒருதரம் என்றார். அப்போது வாசலிலிருந்து "ரெண்டு ரூபா" என்று ஒரு குரல். பெரிய டாக்டர், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றார்.

"டாக்டரய்யா ரெண்டு ரூவா. ஒருதரம். ரெண்டுதரம்."

வழக்கம்போல வார்டு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கதவோரத்தில் நிறுத்திவிட்டார். அங்கே பாண்டியம்மா கையை உயர்த்தியபடி நின்றார்.

"பாண்டியம்மா, அது ஏலத்துக்குத் தூக்குன கையா, கண்ணத் தொடைக்கிற கையா?"

"தொடைக்கிற கைதான். நீங்க முடிங்க."

"மூணுதரம்" என்றார் சோலைமலை.